பழகிய குறுக்குவிசைகளை உலாவியில் மீட்டெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, தட்டச்சும் நிழற்பிரதியும் இணைய விண்ணப்பமும் செய்துகொடுக்கும் ஒரு கொமினிகேஷன் கடையில் ஐந்து கணினிகளைப் பராமரித்து வருகிறேன். உலாவி புதுப்பிக்கப்பட்ட மறுநாளும், யாராவது புதிய மடிக்கணினி வாங்கிய மறுநாளும் குறுக்குவிசைகளைப் பற்றி, அதாவது சுட்டியைத் தொடாமல் ஒரு வேலையை உடனே செய்ய அழுத்தும் விசைகளைப் பற்றி, என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, நேற்றுவரைக்கும் வேலை செய்த கீ இண்டைக்கு ஏன் வேலை செய்யேல்லை?"

கேட்பவர்களில் பலர் அதற்கு முன்பே ஒரு நீட்சியை (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளை) நிறுவி, அது பலிக்காமல் இன்னொன்றையும் நிறுவி, இறுதியில் உலாவியையே அழித்து மீள நிறுவிவிட்டுத்தான் வருவார்கள். விசைப்பலகையில் அழுத்தும் ஒரு விசை, இயங்குதளம், பின்னணியில் ஓடும் மென்பொருள்கள், உலாவியின் நீட்சிகள், திறந்திருக்கும் பக்கம் ஆகியவற்றைத் தாண்டிய பிறகே பெரும்பாலும் உலாவியின் சொந்தக் கட்டளையாகிறது. இடையில் யார் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று பாராமல் கடைசி இடத்தில் மட்டும் திருத்தம் செய்வதால்தான் பாதி நாள் வீணாகிறது. ஆகவே இவ்வழிகாட்டி, விசை எங்கே நிற்கிறது என்று முதலில் கண்டறிந்து, பிறகே திருத்தத்துக்குச் செல்கிறது.

முகவரிப்பட்டையிலும் தேடற்பெட்டியிலும் இடவேண்டிய சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். இடும்போது விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் இடவேண்டும்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

முதலில் வேண்டியது ஒரு தாளும் பேனாவும். எந்த விசை, முன்பு அது என்ன செய்தது, இப்போது என்ன செய்கிறது என்று மூன்று நிரல்களில் எழுதிக்கொள்ள வேண்டும். "ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று வருபவரிடம் எழுதச் சொன்னால் அனேகமாக இரண்டு அல்லது மூன்று விசைகள்தான் தாளில் விழும். அவை மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்களும் இருக்கலாம்.

இரண்டாவதாக, உலாவியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். உதவிப் பட்டியலில் உள்ள "அபவுட்" என்ற வரியில் பதிப்பு எண் இருக்கும். பயர்பொக்ஸுக்குரிய வழி குரோமில் இல்லை. பழைய பதிப்புக்குரிய வழி புதியதில் தேவைப்படாமலும் போகலாம்.

மூன்றாவதாக, கணினி யாருடையது என்பதைப் பார்க்கவேண்டும். பாடசாலை அல்லது அலுவலகக் கணினியாயின், உலாவியின் பட்டியலில் அது நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுவதாக ஒரு வரி தெரியக்கூடும். அவ்வாறு தெரிந்தால், கீழே சொல்லப்படும் சில பக்கங்கள் பூட்டப்பட்டிருக்கலாம். பொறுப்பானவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவதே முறை. சில ஆய்வுகூடங்களில் மறுதொடக்கத்தின்போது கணினியைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும் மென்பொருள் இருக்கும். அங்கே எத்தனை முறை மாற்றினாலும் மறுநாள் காலையில் அது இராது.

பயர்பொக்ஸ் பயன்படுத்துவோர் மேலும் ஒன்றைச் செய்துகொள்வது நல்லது. முகவரிப்பட்டையில் அபவுட்:சப்போர்ட் என்று இட்டால் வரும் பக்கத்தில் புரொஃபைல் ஃபோல்டர் என்ற வரியும், அதன் அருகே கோப்புறையைத் திறக்கும் பொத்தானும் இருக்கும். கோப்புறை எங்கே உள்ளது என்று பார்த்துக்கொண்டு, உலாவியை முழுமையாக மூடிய பின் அதை வேறோர் இடத்தில் பிரதி செய்து வைக்கவேண்டும். உலாவி திறந்திருக்கும்போது எடுக்கும் பிரதி முழுமையாக இராது.

2. விசை எங்கே நிற்கிறது என்று கண்டறிதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். ஐந்து நிமிடம்கூட எடுக்காத சோதனைகள் இவை.

முதலில் உலாவிக்கு வெளியே, நோட்பேட் போன்ற ஒன்றில், அதே விசைகளைத் தனித்தனியாக அழுத்திப் பார்க்கவேண்டும். அங்கேயும் எதிர்பாராதது நடந்தால் குற்றவாளி விசைப்பலகையோ இயங்குதளமோதான்; படி 3, 4 ஆகியவற்றுக்குச் செல்லலாம்.

வெளியே சரியாக இருந்தால், உலாவியில் வெற்றுத் தாவல் ஒன்றைத் திறந்து அதே குறுக்குவிசையை அழுத்தவேண்டும். வெற்றுத் தாவலில் வேலை செய்து, குறித்த ஒரு தளத்தில் மட்டும் செய்யாவிட்டால், அந்தப் பக்கமே விசையை எடுத்துக்கொள்கிறது என்று பொருள். படி 5 அதற்குரியது.

வெற்றுத் தாவலிலும் செய்யாவிட்டால், தனிப்பட்ட சாளரம் ஒன்றில் பார்க்கவேண்டும். குரோமில் அதற்கு கொன்ட்ரோல் + ஷிப்ட் + என். பயர்பொக்ஸில் கொன்ட்ரோல் + ஷிப்ட் + பி. நாம் தனியாக அனுமதித்திருந்தாலொழிய நீட்சிகள் அச்சாளரத்தில் இயங்குவதில்லை. எனவே அங்கே வேலை செய்தால் ஏதோ ஒரு நீட்சிதான் தடுக்கிறது; படி 7 அதற்குரியது.

பயர்பொக்ஸின் உதவிப் பட்டியலில் உள்ள ட்ரபிள்ஷூட் மோட் என்பதும் இதே சோதனைக்கு உதவும். ஆனால் அதைத் திறக்கும்போது வரும் பெட்டியில் இரண்டு பொத்தான்கள் உள்ளன. "ஓபன்" என்பதை அழுத்தவேண்டிய இடத்தில் "ரிஃப்ரெஷ்" என்பதை அழுத்தினால் நீட்சிகளும் நாம் மாற்றிவைத்த அமைப்புகளும் நீங்கிவிடும். பழைய தரவுகள் ஒரு கோப்புறையாக மேசைத்திரையில் வந்து கிடக்கும். பெயரைப் பார்த்து, பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தான் என்று எண்ணி அழுத்தியவர்களை இருமுறை கண்டிருக்கிறேன்.

3. தமிழ் விசைப்பலகையை மாற்றும் விசைகள்

நம் பகுதியில் இப்பிரச்சினையோடு வருபவர்களுக்கு, என் அனுபவத்தில், மிகுதியான காரணம் உலாவியில் இருப்பதில்லை, இங்கேதான் இருக்கிறது.

பாமினி எழுத்துருவில் பழகியவர்களுக்கு இது தெரியவராது. ஏனெனில் அங்கே கணினியைப் பொறுத்தவரை தட்டப்படுவது ஆங்கில எழுத்தே. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. இணைய விண்ணப்பங்கள் யுனிகோட் தமிழையே ஏற்பதால், அவர்கள் விண்டோஸில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கிறார்கள். சேர்த்த அன்றிலிருந்து மொழியை மாற்றும் வேலை இடது அல்ட் + ஷிப்ட் விசைகளுக்கு வந்துவிடுகிறது. ஒரே மொழிக்கு இரண்டு அமைப்புகள் இருந்தால், அவற்றுக்கிடையே மாற்றும் வேலை கொன்ட்ரோல் + ஷிப்ட் விசைகளுக்கு வந்திருக்கலாம்.

எங்கள் கடையில் ஒருவருக்குத் தமிழ்99, இன்னொருவருக்கு ஒலிப்பு முறை என்பதால் கணினிகளில் இரண்டுமே உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்த தங்கச்சி ஒருவர், தவறுதலாக மூடிய தாவலை மீளத் திறப்பதற்கு கொன்ட்ரோலையும் ஷிப்டையும் பிடித்துக்கொண்டு, மூன்றாவது விசையான டி எங்கே என்று ஒரு கணம் தேடிவிட்டு, கையை எடுத்துவிட்டார். இடையில் வேறு எந்த விசையும் அழுத்தப்படாமல் அவ்விரண்டும் விடப்பட்டதால், விண்டோஸ் அதைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்து, தமிழ்99 ஐ ஒலிப்பு முறைக்கு மாற்றிவிட்டது. தாவலும் திறக்கவில்லை, அடுத்துத் தட்டிய பெயரும் வாயில் நுழையாத எழுத்துகளாக விழுந்தது. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று அவர் எழுந்தே விட்டார்.

திருத்தும் முறை இது. விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ் என்ற வரிசையில் செல்லவேண்டும். விண்டோஸ் 10 இல் டைப்பிங் என்பது டிவைசஸ் என்பதன் கீழ் உள்ளது. அங்கே இன்புட் லாங்குவேஜ் ஹொட் கீஸ் என்ற இணைப்பைத் திறந்து, சேஞ்ச் கீ சீக்குவன்ஸ் என்ற பொத்தானை அழுத்தினால் இரண்டு நிரல்கள் தெரியும். ஒன்று மொழியை மாற்றுவதற்கு. மற்றது அதே மொழிக்குள் விசைப்பலகை அமைப்பை மாற்றுவதற்கு.

இரண்டாவது நிரலை "நொட் அசைன்ட்" என்று வைத்துவிட்டு, முதல் நிரலில் இடது அல்ட் + ஷிப்ட் விசைகளை அப்படியே விடுவதுதான் பொதுக்கணினிக்கு நான் செய்வது. உலாவியின் முக்கியமான பல குறுக்குவிசைகள் கொன்ட்ரோல் + ஷிப்ட் சேர்க்கையில் உள்ளன. அல்ட் + ஷிப்ட் சேர்க்கை, பயர்பொக்ஸில் சில பக்கங்கள் தம் இணைப்புகளுக்கும் பொத்தான்களுக்கும் வைத்திருக்கும் அணுகுவிசைகளுக்கு மட்டுமே பெரும்பாலும் வேண்டியிருக்கிறது. அவ்வணுகுவிசைகளை நாள்தோறும் பயன்படுத்துபவராயின், இரண்டு நிரல்களையும் நீக்கிவிட்டு விண்டோஸ் விசை + இடைவெளி விசை என்பதற்குப் பழகிக்கொள்ளலாம். அது எப்போதும் வேலை செய்யும். எந்த உலாவியோடும் மோதாது.

இன்னொரு சிக்கலும் இதே இடத்திலிருந்து பிறக்கிறது. சில தளங்களில் ஒற்றை எழுத்தே குறுக்குவிசையாக இருக்கும். அவற்றுட் சில, எந்த விசை அழுத்தப்பட்டது என்று பார்ப்பதில்லை. மாறாக, எந்த எழுத்து பிறந்தது என்றே பார்க்கின்றன. தமிழ் விசைப்பலகை இயங்கும்போது அங்கே தமிழ் எழுத்து பிறப்பதால் தளம் ஒன்றும் செய்வதில்லை. இதற்கு அமைப்பில் திருத்தம் எதுவும் இல்லை. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அழுத்துவதே வழி.

4. எஃப் விசைகள்

பக்கத்தைப் புதுப்பிக்கும் எஃப் 5, முழுத்திரைக்கான எஃப் 11 போன்றவை ஒலியளவையோ திரை வெளிச்சத்தையோ மாற்றினால், மடிக்கணினியின் எஃப்என் பூட்டுத்தான் காரணம். பல மடிக்கணினிகளில் எஃப்என் + எஸ்கேப் அதைத் திறக்கும். திறக்காவிட்டால், விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் பயோஸ் அமைப்பில் ஹொட்கீ மோட் அல்லது ஆக்ஷன் கீஸ் என்ற பெயரில் அது இருக்கும். பயோஸில் வேறெதையும் தொடவேண்டாம்.

5. பக்கமே விசையைப் பறிக்கும்போது

கொன்ட்ரோல் + எஃப் அழுத்தினால் உலாவியின் தேடற்பெட்டிக்குப் பதிலாகத் தளத்தின் சொந்தத் தேடற்பெட்டி திறப்பது இவ்வகை. புதிய தாவல், தாவலை மூடுதல் போன்ற சிலவற்றை உலாவிகள் பக்கங்களுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. மற்றவற்றைப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.

பயர்பொக்ஸில் இதற்கு நேரடியான வழி உண்டு. அந்தத் தளத்தில் இருக்கும்போது கொன்ட்ரோல் + ஐ அழுத்தி, திறக்கும் சாளரத்தில் பெர்மிஷன்ஸ் பகுதிக்குச் சென்று, ஓவர்ரைட் கீபோர்ட் ஷோர்ட்கட்ஸ் என்ற வரியில் இயல்புநிலைக் குறியை நீக்கிவிட்டு "பிளொக்" என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். பின்னர் பக்கத்தை மீளத் திறக்கவேண்டும்.

எல்லாத் தளங்களுக்கும் ஒரேயடியாகத் தடைபோடுவது வேண்டாம் என்பதே என் கருத்து. இணையத்தில் ஆவணம் தட்டும் தளமொன்றில் எழுத்தைத் தடிப்பாக்க கொன்ட்ரோல் + பி அழுத்துகிறோம். தடை இருந்தால் அது உலாவிக்கே போய், புக்மார்க் பலகையைத் திறந்துவிடும். தொல்லை தரும் தளத்துக்கு மட்டும் தடைபோட்டால் மற்றவை கெடுவதில்லை.

குரோமிலும் எட்ஜிலும் இத்தகைய அனுமதி வரி இல்லை. முதலில் கொன்ட்ரோல் + எல் அழுத்தி முகவரிப்பட்டைக்குச் சென்று, பிறகு வேண்டிய குறுக்குவிசையை அழுத்துவது கைவசமுள்ள உபாயம். முகவரிப்பட்டையில் நிற்கும்போது அழுத்தும் விசை பக்கத்துக்குப் போவதில்லை.

6. பயர்பொக்ஸின் உள்ளமைப்புகள்

முன்னைய படிகளில் காரணம் கிடைக்காதவர்கள் மட்டுமே இங்கே வரவேண்டும். முகவரிப்பட்டையில் அபவுட்:கொன்ஃபிக் என்று இட்டால் ஓர் எச்சரிக்கை வரும். அதை ஏற்றபின் தேடற்பெட்டி தோன்றும். மாற்றப்பட்ட வரி தடித்த எழுத்தில் தெரியும். அதன் முடிவில் தோன்றும் வளைந்த அம்புக்குறி பழைய மதிப்பைத் திருப்பிக் கொடுக்கும். எனவே, ஒன்றை மாற்றி, சோதித்து, தாளில் குறித்த பிறகே அடுத்ததற்குச் செல்லவேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றியவருக்கு எதனால் சரியாயிற்று என்றும் தெரியாது, எதனால் கெட்டது என்றும் தெரியாது.

பக்ஸ்பேஸ் விசையால் முந்தைய பக்கத்துக்குச் செல்லுதல்: 2021 மார்ச்சில் வந்த 87ஆம் பதிப்பில் இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. மீட்க விரும்பினால் தேடற்பெட்டியில் பக்ஸ்பேஸ் என்ற சொல்லை இட்டு, ஆக்ஷன் என்று முடியும் வரியின் மதிப்பை 0 ஆக்கவேண்டும். 1 என்றால் பக்கம் மேல்நோக்கி நகரும். 2 என்றால் ஒன்றும் நடக்காது.

அது நிறுத்தப்பட்டதற்குக் காரணம் உண்டு, அதை நான் சொந்தத் தவறினால் கற்றேன். என் வசதிக்காகக் கடைக்கணினி ஒன்றில் மதிப்பை 0 ஆக்கி வைத்திருந்தேன். முல்லைத்தீவிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த ஒருவர், நீண்ட விண்ணப்பத்தின் கடைசிப் பகுதியில் ஓர் எழுத்தை அழிக்க முயன்றார். சுட்டி பெட்டிக்கு வெளியே பட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பக்ஸ்பேஸை மூன்று தடவை தட்டினார். மூன்று பக்கம் பின்னால் போய்விட்டது, நிரப்பியது ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று முழுவதையும் நானே மீளத் தட்டிக்கொடுத்தேன். சொந்தக் கணினியில் விரும்பியதைச் செய்யலாம். பலர் கைபடும் கணினியில் இதை மீட்கவேண்டாம். அல்ட் + இடது அம்புக்குறி அதே வேலையைச் செய்கிறது.

கொன்ட்ரோல் + டப் வரிசை: சிலருக்குத் தாவல்கள் இருக்கும் வரிசையிலேயே செல்லவேண்டும், சிலருக்குக் கடைசியாகப் பார்த்த தாவலுக்குச் செல்லவேண்டும். இதற்கு உள்ளமைப்புப் பக்கம் தேவையில்லை. செட்டிங்ஸின் ஜெனரல் பகுதியில், தாவல்களுக்குரிய தலைப்பின் கீழ், கொன்ட்ரோல் + டப் பற்றிய ஒரு தெரிவுப்பெட்டி இருக்கிறது. இரண்டு தாவல்களை ஒப்பிட்டுத் தட்டச்சு செய்பவருக்குக் கடைசியாகப் பார்த்தது என்ற முறை வசதி.

உலாவி திடீரென முழுமையாக மூடுதல்: விண்டோஸில் கொன்ட்ரோல் + ஷிப்ட் + கியூ, லினக்ஸில் கொன்ட்ரோல் + கியூ ஆகியவை பயர்பொக்ஸை மூடிவிடும். லினக்ஸில் தாவலை மூடும் டபிள்யூ விசைக்கு அடுத்தே கியூ இருப்பதால் இவ்விபத்து அடிக்கடி நேர்கிறது. தேடற்பெட்டியில் குவிட்ஷோர்ட்கட் என்று இட்டு, டிசேபிள்ட் என்று முடியும் வரியை "ட்ரூ" ஆக்கினால் அவ்விசை செயலற்றுப் போகும். உலாவியை மூடித்திறந்த பின்னரே சோதிக்கவேண்டும்.

7. நீட்சிகளின் விசைகள்: குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ்

குரோமிலும் எட்ஜிலும் நீட்சிகளின் விசைகளுக்கென்று தனிப்பக்கம் உண்டு. குரோமில் குரோம்://எக்ஸ்டென்ஷன்ஸ்/ஷோர்ட்கட்ஸ் என்றும், எட்ஜில் முதற்சொல்லை எட்ஜ் என்று மாற்றியும் முகவரிப்பட்டையில் இடவேண்டும். பயர்பொக்ஸில் கொன்ட்ரோல் + ஷிப்ட் + ஏ அழுத்தி, பற்சக்கரக் குறியின் கீழ் உள்ள மனேஜ் எக்ஸ்டென்ஷன் ஷோர்ட்கட்ஸ் என்பதைத் திறக்கவேண்டும்.

இங்கே முதல் வேலை சேர்ப்பதன்று, நீக்குவது. படி 2 இல் நீட்சிதான் காரணம் என்று தெரிந்திருந்தால், நாம் தேடும் விசை யாரிடம் இருக்கிறது என்பது இப்பட்டியலிலேயே தெரியவரும். அதை விடுவித்துவிட்டு உலாவியில் சோதித்தால் பெரும்பாலும் பழையது திரும்பியிருக்கும். பட்டியலில் இல்லாவிட்டால், நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கவேண்டும். சில நீட்சிகள் இப்பட்டியலில் பதியாமல் பக்கத்துக்குள்ளேயே விசைகளைப் பிடிக்கின்றன.

குரோமில் ஒவ்வொரு விசைக்கும் அருகே, உலாவிக்குள் மட்டுமா, கணினி முழுவதுமா என்ற தெரிவு உள்ளது. கணினி முழுவதும் என்பதைத் தெரிவுசெய்தால் வேர்டில் தட்டிக்கொண்டிருக்கும்போதும் அவ்விசை உலாவிக்குப் போய்விடும். உலாவிக்குள் மட்டும் என்றே வைக்கவேண்டும்.

குரோம் பக்ஸ்பேஸ் வழக்கத்தை 2016 இல், 52ஆம் பதிப்பில் நிறுத்தியது. மீட்பதற்கு கூகுளே ஒரு நீட்சியை அப்போது வெளியிட்டது. ஷோர்ட்கீஸ், விமியம் போன்ற நீட்சிகளும் புதிய விசைகளை வரையறுக்க உதவுகின்றன. இவற்றுக்கு ஒரு பொது எல்லை உண்டு: பக்கத்துக்குள் இருந்து இயங்குவதால், உலாவியின் சொந்தப் பக்கங்களிலும், நீட்சிகள் விற்கும் தளத்திலும், பக்கம் முழுமையாக இறங்குமுன்பும் இவை வேலை செய்யா. டொங்கிள் இணைப்பு மந்தமாக இருக்கும் நாளில் "சில நேரம் செய்கிறது, சில நேரம் செய்யவில்லை" என்று தோன்றுவதற்கு இதுவே காரணம். குரோமில் நிறுவிய உடனே, முன்பே திறந்திருந்த தாவல்களைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இத்தகைய நீட்சி எல்லாத் தளங்களிலும் தரவுகளைப் படிக்க அனுமதி கேட்கும். ஒரே ஒரு விசைக்காக அவ்வளவு பெரிய அனுமதியை, வாடிக்கையாளர்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் நான் கொடுப்பதில்லை.

8. உலாவிக்கு வெளியிலிருந்து மாற்றுதல்

குரோமில் உள்ளிருக்கும் குறுக்குவிசையை மாற்றியே ஆகவேண்டுமென்றால், விண்டோஸில் மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டொய்ஸ் என்ற தொகுப்பின் கீபோர்ட் மனேஜர் பொருத்தமானது. எடுத்துக்காட்டாக, கொன்ட்ரோல் + ஷிப்ட் + டபிள்யூ முழுச் சாளரத்தையும் மூடிவிடுகிறது. அதை, ஒரு தாவலை மட்டும் மூடும் கொன்ட்ரோல் + டபிள்யூ ஆக மாற்றி, செயலியின் பெயருக்குரிய பெட்டியில் குரோம் என்று இட்டால், மாற்றம் அவ்வுலாவிக்கு மட்டும் பொருந்தும். பெட்டியை வெறுமையாக விட்டால் எல்லாச் செயலிகளுக்கும் பொருந்திவிடும்; புதியவர்கள் தவறுவது இங்கேதான்.

செயலிக்கென்று மாற்றப்படும் சேர்க்கை கொன்ட்ரோல், அல்ட், ஷிப்ட், விண்டோஸ் ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கவேண்டும். பக்ஸ்பேஸ் போன்ற தனி விசையை ஒரு செயலிக்கு மட்டும் இவ்வழியில் மாற்ற இயலாது. பவர்டொய்ஸ் பின்னணியில் ஓடாதபோது மாற்றமும் இராது. ஆகவே கணினியோடு சேர்ந்து தொடங்குமாறு வைக்கவேண்டும்.

எல்லா விசைகளையும் தன் விருப்பப்படி அமைக்க நினைப்பவர், செட்டிங்ஸிலேயே முழு விசைப்பட்டியலையும் திருத்தவிடும் விவால்டி உலாவிக்கு மாறிக்கொள்வது இத்தனை ஒட்டுவேலையையும்விட எளிது.

9. சரிபார்த்து எழுதிவைத்தல்

உலாவியை மூடித்திறந்து ஒரு முறையும், கணினியை மறுதொடக்கம் செய்து ஒரு முறையும், தமிழ் விசைப்பலகை இயங்கும் நிலையில் இன்னொரு முறையும் தாளில் உள்ள ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்க்கவேண்டும். மூன்றாவது சோதனையை விட்டுவிட்டு எழுந்துபோனவர்களே மறுநாள் திரும்பி வருகிறார்கள்.

உலாவிக் கணக்கில் உள்நுழைந்தால் இம்மாற்றங்கள் யாவும் அடுத்த கணினிக்கும் தாமாக வந்துவிடும் என்று நம்பவேண்டாம். எல்லா அமைப்புகளும் ஒத்திசைவதில்லை. நீட்சியை நீக்கி மீள நிறுவினாலும் அதன் விசைகள் பழைய பரிந்துரைக்கே போய்விடும். எந்த வரியில் எந்த மதிப்பு, எந்தத் தேதியில் மாற்றியது என்ற தாளை எங்கள் கடையில் ஒவ்வொரு திரையின் பின்புறத்திலும் ஒட்டிவைத்திருக்கிறோம். கரண்ட் போய் வந்த பிறகும் அது அங்கேயே இருக்கும்.